விமலவல்லியின் அக்கா

ஒரு மாசத்துக்கு மேல் எங்கள் தோட்டத்தில் என்னைக் கொலைகாரியாகத்தான் பார்த்தார்கள். நான் யாரையும் கொல்லவில்லை. ஒரு சினிமாவில் ஒருத்தி கொன்றாளாம். அவள் விமலவல்லி என்கிற பெண்ணுக்கு அக்கா. நான் வீரம்மாவுக்கு அக்கா. இந்தப் பொருத்தம் ஒன்றே போதும் என்று நினைத்த ஆட்களோடுதான் நான் தினமும் ஒரே மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தேன். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

என் பேர் ராக்காயி. இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு மேலே உள்ள தோட்டம், தேயிலை ஆலையான ஸ்டோருக்குப் பின்னால் இருக்கிற லயத்து வரிசையில் ஒற்றை அறைக் காம்பரா. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது வீரம்மா, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் தொட்டிலில் கிடந்தாள். நான் அரைச் சம்பளத்துக்குக் கொழுந்து எடுக்கிற வயசு. அவளை வளர்த்தது நான். அதற்காக எனக்குக் கோயில் கட்டச் சொல்லவில்லை. நான் கலியாணம் செய்துகொள்ளாமல் இருந்ததற்கு லயத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். என்னைக் கேட்டிருந்தால், பெண் கேட்டு வந்தவன்களின் முகரக்கட்டை எதுவும் பிடிக்கவில்லை என்று சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

ஐம்பத்து நாலாம் வருஷம் கந்தப்பன் வந்தான். பழைய வான் ஒன்றில் எஞ்சினையும் படம் காட்டுகிற மிஷினையும் ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போகிறவன். வானை ஓட்டுகிறவன் சிறிசேன என்ற சிங்களப் பையன். தோட்டத்துத் துரையிடம் உத்தரவு வாங்கி, ஸ்டோர் சுவரில் வெள்ளைத் துணியைக் கட்டி, காலையில் பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்தில் எங்களை உட்காரவைத்துப் படம் காட்டினான். முதல் தடவை சாமி படம். பாதிப் படத்தில் எஞ்சின் நின்றபோது மைக் இல்லாமலே அவனே பாடினான். நன்றாகத்தான் பாடினான், அதை மறுக்கவில்லை. வெள்ளைச் சட்டை, வகிடு எடுத்த தலை, வாயைத் திறந்தால் தேன். அன்றைக்கு வீரம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப்பிறகு படமே இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவன் லிந்துலைக் கடைவீதியில் தென்பட ஆரம்பித்தான். வீரம்மாவுக்கும் எண்ணெய் வாங்க, சோப்பு வாங்க என்று ஒவ்வொரு ஞாயிறும் வேலை வந்தது. எனக்குக் கண் இல்லையா? நான் கேட்பதற்குள் அவனே ஒரு நாள் பெரிய கங்காணி பொன்னையாவைக் கூட்டிக்கொண்டு காம்பரா வாசலுக்கு வந்துவிட்டான்.

"ஒங்க தங்கச்சிய எனக்குக் குடுங்கக்கா. கண்ணுல வச்சுப் பாத்துக்குவேன்," என்றான்.

"ஒங்க ஆளுங்க யாரு? எந்த ஊரு? கொழும்புல எந்தத் தெரு?"

"கலைஞனுக்கு ஏதுக்கா ஊரு? போற எடமெல்லாம் ஊருதான்."

"அப்ப போற எடத்துலயெல்லாம் பொண்ணும் எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டேன்.

பொன்னையா அதைக் கேட்டுவிட்டு, நான் அவருடைய மூக்கை அறுத்துவிட்ட மாதிரித் துண்டை உதறித் தோளில் போட்டார். கந்தப்பன் சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டுப் போனான். உள்ளே அடுப்படியில் வீரம்மா பாத்திரத்தை இடித்து இடித்து வைத்தாள். அன்றைக்கு அவள் என்னோடு சாப்பிடவில்லை.

அடுத்த படம் மாசி மாசத்துக் காமன் கூத்து முடிந்த கையோடு வந்தது. படத்தின் பேர் 'விமலவல்லி அல்லது கறுப்புச் சால்வை'. உலகச் சண்டைக்கு முந்தி, படம் பேச ஆரம்பித்த புதிதில் எடுத்ததாம். பேச்சைவிடப் பாட்டு அதிகம். ஒருத்தி அழுவதற்குக்கூட இரண்டு பாட்டு. சத்தம் நடுநடுவே கரகரவென்று கரைந்துபோகும். ஆனாலும் ஆள் அசையாமல் பார்த்தோம், கதை அப்படி. பெரிய மாளிகை, பணக்கார அப்பா, இரண்டு பெண்கள். இளையவள் விமலவல்லி, மூத்தவள் கமலாட்சி. ரங்கூனிலிருந்து வந்த டாக்டர் சேகரன் என்பவனோடு விமலவல்லிக்குக் காதல். அப்பாவுக்கு ஏதோ சந்தேகம். மூத்தவளுக்கும் சந்தேகம். ஒரு மழை நாளில் கறுப்புச் சால்வை போர்த்திய உருவம் ஒன்று மாடிப்படி ஏறிப்போய் அப்பாவைக் கொன்றுவிடுகிறது. முகம் தெரியாது. கொன்றது டாக்டரா, கமலாட்சியா, கணக்குப் பார்க்கிற கிழவனா? போலீஸ் அதிகாரி எல்லாரையும் விசாரித்துவிட்டு, உண்மையைக் கலியாண மண்டபத்தில் சொல்லுகிறேன் என்கிறார். அந்த இடத்தில் துணி வெறும் வெள்ளையாகிவிட்டது.

கந்தப்பன் மைக்கோடு துணிக்கு முன்னால் வந்து நின்றான்.

"பெரியோர்களே, தாய்மார்களே, கடைசி ரீல் கப்பல்ல வர்றப்ப உப்புத்தண்ணி பட்டு வீணாப்போச்சு. கவலை வேணாம். முடிவ நான் சொல்றேன். கறுப்புச் சால்வையப் போத்திக்கிட்டு வந்து பெத்த அப்பனையே கொன்னது யாரு? கமலாட்சி. கூடப் பொறந்த அக்கா. தனக்கு வாய்க்காத வாழ்வு தங்கச்சிக்கு வாய்ச்சிருச்சேங்கிற வயித்தெரிச்சல். டாக்டர் மேல பழியப் போட்டு, கலியாணத்த நிறுத்தப் பாத்தா. கடைசியில கையில வெலங்கோட போறா. நல்லவன் டாக்டருக்கும் விமலவல்லிக்கும் கலியாணம். சுபம்."

சொல்லி முடிக்கும்போது அவன் கண் என் பக்கம் வந்தது. அவன் கண் வந்த வழியே நூறு தலைகள் திரும்பின.

அவன் சொன்னதை எப்படி எல்லாரும் நம்பினார்கள் என்று வெளியாட்கள் கேட்பார்கள். எங்கள் ஆட்களுக்குப் படம் என்பதும் கூத்துதான். காமன் கூத்தில் எல்லாக் கதையையும் ஆடிக்காட்ட நேரமிருக்காது. வாத்தியார் களத்தில் நின்று மிச்சத்தை வாயால் சொல்லுவார். சொன்னால் அது கதை. களத்தில் நின்று பொய் சொன்னால் நாக்கு அழுகும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். ஆனால் அதே கூத்தில் காமன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரண்டு கட்சி கட்டி விடிய விடிய எதிர்ப்பாட்டும் பாடுவோம். கந்தப்பன் களத்தில் நின்று சொன்னபோது எதிர்க்கட்சி பாட ஒருவரும் இல்லை. வாயைப் பிளந்துகொண்டு கேட்டுவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

மறுநாளிலிருந்து நான் கமலாட்சி. மழைக்கு நான் போர்த்துகிற கறுப்புக் கம்பளியைக் கண்டதும் பிள்ளைகள் கூச்சல் போட்டு ஓடின. மலையில் பெண்கள் என் நிரைக்குப் பக்கத்து நிரையில் நிற்க யோசித்தார்கள். தண்ணீர்ப் பீலியில் ஒருத்தி, எனக்குக் கேட்கிற மாதிரியே, "கூடப் பொறந்ததுங்கதான் கழுத்தறுக்குங்க," என்றாள். நான் குடத்தோடு தண்ணீரை அவள் மேல் ஊற்றினேன். அதையும் கமலாட்சியின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறந்தால் வயிற்றெரிச்சல், மூடினால் சதி. ஒருவனைப் பற்றி 'விசாரிக்கவேண்டும்' என்று சொன்னதற்கு இந்தத் தண்டனை.

வீரம்மா என்னைக் கமலாட்சி என்று சொல்லவில்லை. ஆனால் என் கையால் தலை வாரிக்கொள்வதை நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பொன்னையாவுக்கு இது கௌரவப் பிரச்சினை ஆகிவிட்டது. படவண்டியைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தவர் அவர், மாப்பிள்ளையையும் அவரே கொண்டுவந்தவராக இருக்கவேண்டும். துரையிடம் போய், கந்தப்பனைப் பற்றிக் கொழும்பில் விசாரித்துவிட்டேன், நல்ல குடும்பம், நான் பொறுப்பு என்று சொன்னார். வெளியே கட்டிக்கொடுக்கிற பெண்ணுக்கு தோட்டத்தை விட்டு விலகினதாக ஆபீசில் பற்றுச்சீட்டு எழுதி, செக்ரோல் என்கிற ஆள் புத்தகத்தில் பேரை வெட்டுவது வழக்கம். கலியாணத்துக்குப் பிறகு வெட்டினால் போதும். ஆனால் முன்கூட்டியே வெட்டச்சொன்னான் கந்தப்பன். "என் பொண்டாட்டி தோட்டத்துக் கூலின்னு பேரோட தாலி கட்டிக்கக் கூடாது," என்றானாம். பொன்னையாவும் தலையாட்டினார். மாசக் கடைசியோடு வீரம்மாவின் பேர் போனது.

வெட்டிய பேர் என்றால் என்ன என்று எங்களைக் கேட்கவேண்டும். பேர் இல்லாதவளுக்கு வேலை இல்லை, அரிசி இல்லை, காம்பரா இல்லை. போன இடம் சரியில்லை என்று திரும்பி வந்தால் தோட்டத்துக்குள் நிற்க இடம் இல்லை. 'இந்த நாட்டில் எத்தனை வருஷம் இருக்கிறாய், அத்தாட்சி என்ன' என்று குடியுரிமை விஷயமாகக் கேட்கிற காலம் வேறு. வீரம்மா ஒரு பாட்டுக்காரனின் வாயை நம்பி நிலத்திலிருந்து காலை எடுத்துவிட்டாள். அடுத்த கால் வைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல நான் ஒருத்திதான் இருந்தேன், என் பேச்சோ காசு பெறாமல் போயிருந்தது.

அந்த நேரத்தில்தான் பூண்டுலோயாவில் ஒரு கேதம். எங்கள் பெரியப்பா இறந்துபோனார். அடக்கம் முடிந்து பெண்கள் உட்கார்ந்திருந்தபோது, பெரியப்பா மருமகள் வேலாயி என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டினேன். விமலவல்லி என்றதும் அவள் நிமிர்ந்தாள்.

"கமலாட்சியா கொன்னா? யாரு சொன்னா?"

"படக்காரந்தான். கடைசி ரீல் தண்ணி பட்டுப் போச்சாமே."

"ஒங்க காதுல நல்லாப் பூ சுத்தியிருக்கான். இங்க அந்தப் படத்த நாங்க மூணு நாள் பாத்தோம். மழையில ரோடு ஒடைஞ்சு வண்டி போக முடியல. வேற படம் இல்லாம அதையே போட்டான். அப்ப அவன் இந்தத் தொழிலுக்குப் புதுசு, மைக்கெல்லாம் புடிக்கத் தெரியாது. கொன்னது அந்த ரங்கூன் டாக்டரு. அவன் டாக்டரே இல்ல."

கேத வீடு என்பதை மறந்து அவள் எழுந்து நின்று நடித்தே காட்டினாள். கலியாண மண்டபத்துக்குள் கைக்குழந்தையோடு ஒருத்தி வருவதும், டாக்டரின் பெட்டியைத் திறந்து சால்வையை எடுத்துப் போடுவதும், அவள் பேசுகிற பேச்சும் வேலாயிக்கு வார்த்தை பிசகாமல் பாடம். நானும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச்சொல்லிக் கேட்டேன். மாமியார் உள்ளேயிருந்து அதட்டிய பிறகுதான் இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீரம்மாவிடம் ஓடினேன். "கொன்னது டாக்டருடி. வேலாயி பாத்திருக்கா," என்றேன்.

"நீ பாத்தியா?" என்று கேட்டாள்.

"நான் எங்க பாக்க? அவன்தான் காட்டலையே."

"அப்ப வேலாயி அண்ணி சொன்னா, நீ சொல்ற. அவரு சொன்னா பொய்யி. ஒனக்கு எது வசதியோ அது நெசம்." பாயை விரித்துப் படுத்துக்கொண்டாள். மேலே பேச விடவில்லை.

என் வாய்ச்சொல் ஏறாது என்று அன்றைக்கு முடிவாகிவிட்டது. கண்ணால் பார்த்தால்தான் ஏறும்.

வீரம்மா தாலி கட்டிக்கொள்ளக் கந்தப்பனோடு கொழும்புக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள், எல்லாரும் கேட்டார்கள் என்று அதே படத்தை இன்னொரு தடவை போட ஏற்பாடு செய்தார் பொன்னையா. சாயங்காலம் கந்தப்பன் கங்காணி வீட்டில் கோழிக்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் வானுக்குப் போனேன். சிறிசேன எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"கடைசி ரீல் எங்க?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

அவன் கையிலிருந்த புனலைக் கீழே வைத்தான். நான் எதற்குக் கேட்கிறேன் என்று கேட்கவில்லை. தன் ஆசனத்தைத் தூக்கிக் காட்டினான். அடியில் சாக்கில் சுற்றிய தகரப்பெட்டி. உப்புத்தண்ணீரும் இல்லை, ஒன்றும் இல்லை.

"பெண் பார்த்து வைத்திருக்கிற தோட்டத்தில் இதை என் சீட்டுக்கடியில் வைக்கச் சொல்லுவார்," என்றான். "றொசல்லைத் தோட்டத்தில் காளியாயி என்று ஒரு பெண். அவளுடைய பேரையும் வெட்டவைத்தார். ஒரு மாசம் ஸ்டேஷன் பக்கத்தில் அறை எடுத்துவைத்திருந்தார். ஒரு நாள் காலையில் வண்டியை எடு என்றார். அவள் பின்னால் ஓடிவந்தாள். கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது."

"நிறுத்தினியா?"

"அவர்தானே முதலாளி."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் கன்னத்தில் அறைந்திருப்பேன். பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறவர்களால்தான் இந்தக் கந்தப்பன்களுக்கு ரோடு கிடைக்கிறது. ஆனால் அறைந்தால் ரீல் கிடைக்காது. "அவ இப்ப எங்க?" என்று கேட்டேன். ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள், தோட்டத்தில் திரும்ப ஏற்கவில்லை என்றான்.

"மிஷின ஓட்டறது யாரு? நீயா, அவனா?"

"நான்தான். அவர் பேசுவார்."

"அப்ப இன்னைக்கு அவன் பேசறப்ப நீ நிறுத்தாத," என்றேன். அவன் சாக்கைப் பிரித்துப் பெட்டியை மற்றப் பெட்டிகளோடு சேர்த்து அடுக்கினான்.

இருட்டியதும் படம் ஆரம்பமானது. எல்லாரும் என்னைப் பார்ப்பதற்கென்றே வந்தவர்கள் மாதிரி, கமலாட்சி வருகிற இடத்திலெல்லாம் கனைத்தார்கள். கறுப்புச் சால்வை மாடிப்படி ஏறியபோது என் பின்னால் யாரோ, "மெதுவா ஏறு, ராக்காயி," என்றான். களமே சிரித்தது. நான் திரும்பவில்லை. முன்வரிசையில் புதுச் சேலையோடு வீரம்மா குனிந்துகொண்டிருந்தாள்.

போலீஸ் அதிகாரி, உண்மையைக் கலியாண மண்டபத்தில் சொல்லுகிறேன் என்றார். துணி வெள்ளையானது. கந்தப்பன் மைக்கோடு முன்னால் வந்து, "பெரியோர்களே, தாய்மார்களே," என்று தொண்டையைச் செருமினான்.

அவன் வெள்ளைச் சட்டையின்மேல் ஒரு கலியாண மண்டபம் விழுந்தது.

வாழைமரமும் தோரணமும் அவன் நெஞ்சில் ஆடின. விமலவல்லியின் முகம் அவன் வயிற்றில் தெரிந்தது. ஆட்கள் முதலில் சிரித்தார்கள். அவன் திரும்பிப் பார்த்தான், துணியில் என்ன ஓடுகிறது என்று புரிந்துகொண்டான். மிஷினைப் பார்த்து, "நிப்பாட்டுடா," என்று கத்தினான். சிறிசேன நிறுத்தவில்லை. உடனே கந்தப்பன் ஒலிபெருக்கிப் பெட்டிக்குத் தாவி வயரைப் பிடுங்கி எறிந்தான். நாதஸ்வரம் பாதியில் அறுந்தது. துணியில் எல்லாரும் வாயை மட்டும் அசைத்தார்கள்.

"பாத்தீங்களா, கெட்டுப்போன ரீல். சத்தமே இல்ல," என்றான். அப்போதும் அவன் குரலில் தேன்தான்.

துணியில் கைக்குழந்தையோடு ஒருத்தி மண்டபத்துக்குள் நுழைந்தாள். நான் எழுந்தேன். பொம்பளை எழுந்து களத்தில் பேசுவதா என்று யாரோ இழுத்தார்கள், முந்தானை கிழிந்தது. நான் எதிர்க்கட்சி. எனக்கு முறை வந்துவிட்டது.

"சத்தம் இல்லன்னா என்ன, நான் சொல்றேன்," என்று உரக்கச் சொன்னேன். "இவ அந்த டாக்டரோட பொண்டாட்டி. ரங்கூன்லேருந்து வந்திருக்கா. பெட்டியத் தெறக்கிறா பாருங்க."

அவள் திறந்தாள். கறுப்புச் சால்வை மணவறையில் விழுந்தது. டாக்டர் ஓடப்பார்க்க, போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பெண் விமலவல்லிக்கு நேரே வந்து நின்று பேச ஆரம்பித்தாள். வேலாயி நடித்துக்காட்டிய பேச்சு இதுதான். அவள் உதடு அசைய அசைய, நான் அந்த வார்த்தைகளை அப்படியே சொன்னேன்.

"'அம்மணி, கேள். இவருடைய தாய் கண் மூடுவதற்குள் என் கழுத்தில் தாலியைப் பார்க்க வேண்டுமாம். ஊரைக் கூட்ட நேரமில்லை, உறவைக் கேட்க நேரமில்லை, உடனே புறப்பட்டு வா என்று இவர் என்னிடமும் சொன்னார். இவருடைய தாய் இறந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. அந்தத் தாய் இன்னும் எத்தனை பெண்களுக்காகச் சாகாமல் கிடக்கப்போகிறாள்?'"

எனக்கு அது சினிமாப் பேச்சு. அவ்வளவுதான். ஆனால் வீரம்மா தலையைத் தூக்கினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்கு விளங்கியது. கந்தப்பன் அவளிடம் தனியாகச் சொன்னதும் இதே வார்த்தைதான். கொழும்பில் கொட்டாஞ்சேனையில் சாகக்கிடக்கிற அம்மா, அவசரத் தாலி. அதை அவள் என்னிடம் மூச்சுவிட்டதில்லை. நான் இட்டுக்கட்டியிருக்க முடியாது என்று அவள் ஒருத்திக்கு மட்டும் தெரியும். த்தூ. சொந்தமாக ஒரு பொய் சொல்லக்கூடத் துப்பில்லாதவன். வருஷக்கணக்காக ஓட்டிய படத்திலிருந்து திருடிய பொய்யை வைத்துக்கொண்டு என் தங்கச்சியைத் தூக்கிப்போகப் பார்த்தான்.

வீரம்மா எழுந்து நேரே கந்தப்பனிடம் போனாள். துணி வெளிச்சத்தில் இரண்டு பேரும் நன்றாகத் தெரிந்தார்கள்.

"ஒங்க அம்மா இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"வீரம்மா, இது சினிமா."

"நான் சினிமாவக் கேக்கல."

களத்தையே பாட்டால் கட்டிப்போட்டவனுக்கு ஆமாம், இல்லை என்று ஒரு சொல் வரவில்லை. வீரம்மா காத்திருந்து பார்த்துவிட்டு, தன் காம்பராவைப் பார்த்து நடந்தாள்.

அதற்குப்பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அத்தனை ஆம்பளைகள் இருந்த களத்தில் ஒருத்தன்கூட அவன் சட்டையைப் பிடிக்கவில்லை. வழிவிட்டார்கள். அவன் பையை எடுத்துக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தான். சிறிசேன வானை எடுக்க மறுத்துவிட்டு ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஆள் கண்ணுக்கு மறைந்ததும் எல்லாருக்கும் வாய் திறந்தது. "பாவம், பொண்ணு பேரு கெட்டுப்போச்சே. இனிமே யாரு கட்டுவா?" என்றார்கள். பேர் கெட்டது பெண்ணுக்காம். ஒரு மாசமாக என்னைக் கொலைகாரி என்றவர்கள், ஒரு வார்த்தை என்னிடம் மன்னிப்பாகச் சொல்லாமல், அடுத்த பழியைத் தூக்கி என் தங்கச்சி தலையில் வைத்தார்கள். என் வாயில் வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் அங்கே கொட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் எனக்கு வேறு பூசை காத்திருந்தது.

"எல்லார் முன்னாடியும் வச்சுத்தான் காட்டணுமா?" என்றாள் வீரம்மா.

"வீட்டுல சொன்னேன். நீ கேட்டியா?"

"கேக்கல. கேக்கலன்னா? இப்ப தோட்டமே என்னயப் படம் பாக்குது." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் பதிலுக்குக் கத்தினேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதால் இன்னும் கூடக் கத்தினேன்.

காலையில் பெரட்டுக்குத் தப்பு அடித்தபோது அவள் எனக்கு முன்னால் எழுந்து, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டி, கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியாக மலைக்குப் பிரித்துவிட்டார். என் பேர் வந்தது. வீரம்மா பேர் வரவில்லை. அவள் நகரவில்லை.

பொன்னையா வந்தார். "ஒன் பேரு இல்லம்மா. லயத்துக்குப் போ."

"ஏன் இல்ல?"

"பத்துச்சீட்டு எழுதியாச்சு. எழுதினது எழுதினதுதான். வர்ற மாசம் பாப்போம்."

"பத்துச்சீட்டு நான் கேட்டனா?"

பொன்னையா சுற்றுமுற்றும் பார்த்தார். வீரம்மா குரலை உயர்த்தவில்லை. "கேட்டது அந்தாளு. எழுதச் சொன்னது நீங்க. நான் ஆபீஸ் படி ஏறல. என் பேர வெட்டறதுக்கு ரெண்டு ஆம்பளைங்க பேசி ஒரே நாள்ல முடிச்சிட்டீங்க. பதியறதுக்கு மட்டும் வர்ற மாசமா?"

நான் கூடையைப் போட்டுவிட்டு முன்னால் பாய்ந்தேன். வீரம்மா கையை நீட்டி என்னைத் தடுத்தாள்.

"நீ சும்மா இரு. நேத்து நீ பேசிட்ட. இது நான் பேசறது."

வாழ்க்கையில் முதல்தடவையாக நான் சும்மா இருந்தேன். உள்ளே கொதித்துக்கொண்டுதான் இருந்தேன். சத்தத்தைக் கேட்டு, துரைக்கு அடுத்தவரான சின்னத்துரை மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். வெள்ளைக்காரர், எங்களோடு பேசுகிற அளவுக்குத் தமிழ் வரும். "என்னா சத்தம், கங்காணி?"

"ஒன்னும் இல்லீங்க தொர. கலியாணம் தட்டிப்போச்சு. பொண்ணு அழுவுது."

"நான் அழுவலீங்க தொர," என்றாள் வீரம்மா. அவள் அழவில்லைதான், கண் காய்ந்து கிடந்தது. "கங்காணி ஐயா அந்தாளப் பத்திக் கொழும்புல விசாரிச்சேன்னு ஒங்க ஆபீசுல சொன்னாங்க. அத நம்பித்தான் என் பேர வெட்டுனீங்க. விசாரிச்சாங்களான்னு கேளுங்க."

பிரித்துவிட்ட பெண்கள் ஒருத்தியும் மலைக்குப் போகவில்லை. கூடையோடு நின்ற இடத்தில் நின்றார்கள். சின்னத்துரை பொன்னையாவைப் பார்த்தார். பொன்னையா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டினார். அப்பா காலத்திலிருந்து இந்தக் களத்தில் அதிகாரம் பண்ணுகிற குடும்பம் அது.

"விசாரிக்கலீங்க," என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க," என்று பெண்கள் நிரையிலிருந்து ஒரு குரல் வந்தது. சத்தியமாக அது நான் இல்லை.

"விசாரிக்கலீங்க தொர. அந்தாளு பேச்ச நம்பிட்டேன்."

சின்னத்துரைக்கு இதில் பெரிய அக்கறை ஒன்றும் இல்லை. கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது, ஆள் பற்றாமல் இருந்தது. "பேர் பதி. புது ஆள்," என்று கணக்கப்பிள்ளையிடம் சொன்னார். "புது ஆளுக்கு பொறுப்பு யார்?"

"நான் நிக்கிறேங்க," என்று பொன்னையா அவசரமாக முன்னால் வந்தார். தன் மானத்தை அந்த இடத்திலேயே ஒட்டவைத்துக்கொள்ளப் பார்த்தார்.

"நீங்க வேணாம்," என்றாள் வீரம்மா. "நீங்க அந்தாளுக்கும் பொறுப்பு நின்னவங்க. எங்க அக்கா நிக்கட்டும்."

பொம்பளை நின்றால் செல்லுமா என்று கணக்கப்பிள்ளை இழுத்தார். சின்னத்துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அக்கா யார் என்று கேட்டார். நான் பொன்னையாவை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போனேன்.